வேலை தேடும் நாட்கள் நீளும்போது: மனம் தளராமல் தேடுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூர் பேருந்து நிலையத்தில் காலை ஏழரை மணிக்குப் புதுச்சேரிப் பேருந்தில் ஏறுகிறவர்களில் யார் வேலைக்குப் போகிறார், யார் வேலை தேடிப் போகிறார் என்பதை என்னால் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியும். வேலைக்குப் போகிறவரிடம் சாப்பாட்டுப் பை இருக்கும். தேடிப் போகிறவர் மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும். வியர்வை படாமல் இருக்க அதை அவர் சட்டையிலிருந்து சற்றுத் தள்ளியே பிடித்திருப்பார். 11 மாதங்கள் நானும் அப்படி ஒரு ஃபைலோடு போய்வந்தேன். ரெட்டிச்சாவடியைத் தாண்டும்போது இருக்கும் நம்பிக்கை, மாலையில் அரியாங்குப்பம் பாலத்தில் திரும்பி வரும்போது பெரும்பாலும் மிச்சமிருக்காது.

அதன்பின் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் வேலை கிடைத்தது. அங்கே ஆறு ஆண்டுகளாக மற்றவர்களின் விண்ணப்பங்களைப் பிரித்து அடுக்கும் பணியைச் செய்து வருகிறேன். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன். அந்த 11 மாதங்களில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: மனதில் ஊக்கம் பிறக்கட்டும், பிறகு தேடலாம் என்று காத்திருந்த நாட்களில் அது பிறக்கவே இல்லை, காலையில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மேசையில் போய் உட்கார்ந்த நாட்களில், அரை மணி நேரம் கழித்தாவது அது வந்து சேர்ந்தது. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியே அமைந்தவை.

முதல் வாரம்: வீட்டில் உட்கார்ந்து பேசுதல்

வேலை போனதை, அல்லது படித்து முடித்தும் வேலை அமையவில்லை என்பதை, வீட்டில் மூடி மறைப்பவர்கள் உண்டு. காலையில் வழக்கம்போல் கிளம்பிப்போய் சில்வர் பீச்சில் உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்புகிறவர்களை நான் அறிவேன். தேடுவதற்கு வேண்டிய தெம்பு முழுவதும் அந்த மறைப்பிலேயே செலவாகிவிடும் என்பதால், முதல் வாரத்திலேயே பேசிவிடுவது நல்லது.

அந்தப் பேச்சில் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது பணக் கணக்கு. மாதச் செலவு, கையிருப்பு, கட்டியே ஆக வேண்டிய தவணைகள், வீட்டில் வேறு யாருடைய வருமானம் எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதி, எந்த மாதம் வரை தாக்குப்பிடிக்க முடியும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு கோடு போட்டு, கோடு வரை விரும்பிய வேலையை மட்டும் தேடுவது, கோட்டைத் தாண்டினால் சம்பளம் குறைந்தாலும் கிடைக்கிற வேலையில் சேர்ந்துகொண்டு தேடலைத் தொடர்வது என்று அப்போதே தீர்மானித்துவிடுங்கள். நள்ளிரவில் விழித்துக்கொண்டு புரளும்போது, இந்த முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்ற நினைப்பு பெரிய ஆறுதல்.

இரண்டாவது, விசாரிப்பு. "என்னப்பா, ஏதாவது தகவல் உண்டா?" என்ற கேள்வியை அன்பால்தான் கேட்கிறார்கள், ஆனால் தினமும் இல்லை என்று பதில் சொல்ல நேர்வது மனதை அரித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மாலை நானே எல்லாவற்றையும் சொல்கிறேன், மற்ற நாட்களில் கேட்க வேண்டாம் என்று என் வீட்டில் ஒப்பந்தம் செய்துகொண்டேன். அம்மா ஒப்புக்கொண்டார். அதன்பின், நான் நேர்காணலுக்குப் போய்த் திரும்பும் நாட்களில், "ரசம் சூடு பண்ணட்டுமா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அதை ஒப்பந்த மீறலாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த வாரத்திலேயே முடிக்க வேண்டிய அலுவலக வேலை ஒன்றும் இருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு நடப்பில் உள்ளதா என்று பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் அதை 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். பதிவு செய்து 5 ஆண்டுகள் முடிந்தும் வேலை கிடைக்காதவர்களுக்கு மாநில அரசு தரும் உதவித்தொகை, பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு மாதம் 300 ரூபாய், பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்கு இது கிடையாது. பெரிய தொகை என்று யாரும் சொல்லமாட்டார்கள். போக்குவரத்துக்கும் ஜெராக்ஸுக்கும் ஆகும்.

நாளுக்குச் சங்கு ஊதுதல்

புதுச்சேரியில் ரோடியர் மில் என்று மக்கள் அழைத்த ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் ஆலை 1898இல் தொடங்கி, 2020இல் மூடப்பட்டது. ஆலை நன்றாக ஓடிய காலத்தில் அதன் சங்கு தொழிலாளிக்கு மட்டுமல்லாமல் சுற்றுவட்டாரத் தெருக்களுக்கே கடிகாரமாக இருந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அடுப்பு பற்றவைப்பதும் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புவதும் அந்தச் சத்தத்தை ஒட்டியே நடந்தன. வேலை என்பது சம்பளத்தோடு நேரத்தையும் தருகிறது. வேலை போகும்போது இரண்டும் சேர்ந்தே போகின்றன; சம்பளம் போனதை உடனே உணர்கிறோம், நேரம் குலைந்ததை மாதங்கள் கழித்துத்தான் கவனிக்கிறோம்.

இதை மிக நுட்பமாகப் பதிவு செய்த ஆய்வு ஒன்று ஆஸ்திரியாவில் நடந்தது. வியன்னாவுக்கு அருகில் மரியன்தால் என்ற சிற்றூர் ஒரே ஒரு நெசவாலையை நம்பியிருந்தது; ஆலை மூடப்பட்டபின், 1931-32இல் மரி யஹோதாவும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே சென்று மக்களைக் கவனித்தார்கள். கையில் நாள் முழுவதும் இருந்தும் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது, அதுவும் கட்டணத்தை நீக்கிய பிறகு. தெருவில் ஆண்களின் நடையே மெதுவாகியிருந்தது. சிறிது தூரத்துக்குள் பலமுறை நின்று நின்று போனார்கள். பெண்களோ, வீட்டு வேலை குறையாததால், வேகமாகவே நடந்தார்கள். ஓய்வு மிகுந்தால் சுறுசுறுப்பு மிகும் என்ற நம் எண்ணத்தை இது கவிழ்த்துப்போடுகிறது.

ஆகவே நமக்கு நாமே சங்கு ஊதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் கடைப்பிடித்தது இது: காலை ஆறு மணிக்கு எழுந்து தேவனாம்பட்டினம் கடற்கரை வரை நடந்து திரும்புவது, குளித்து வெளியே போவதற்கான உடையை உடுத்திக்கொள்வது, 9 மணிக்கு மேசையில் அமர்வது, 1 மணிக்கு எழுந்துவிடுவது. கைலியோடு உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். எழுத்தில் எதுவும் குறையாது, ஆனால் பதினொரு மணிக்குப் படுத்துக்கொள்ளலாம் என்று கைலி சொல்லும், பேன்ட் சொல்லாது. பிற்பகலில் இரண்டு மணி நேரம் ஏதாவது ஒன்றைக் கற்பதற்கு. ஐந்து மணிக்கு மேல் வேலை தேடும் செயலி எதையும் திறப்பதில்லை.

தொடங்கும் நேரத்தைவிட முடிக்கும் நேரம் முக்கியம் என்பது என் எண்ணம். தேடல் முடியாத நாளில் ஓய்வும் கிடைப்பதில்லை. இரவு பதினொன்றரைக்குப் படுக்கையில் நவுக்ரி என்ற வேலை தேடும் செயலியைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பது தேடுவதும் இல்லை, தூங்குவதும் இல்லை. வீட்டில் இடம் போதாதவர்கள் மாவட்ட மைய நூலகத்துக்கோ, புதுச்சேரியில் ரோமன் ரோலந்து நூலகத்துக்கோ போகலாம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நிறைந்திருக்கும் அந்த அறைகளில், நம் நிலையில் இருப்பவர் நாம் ஒருவரே என்ற எண்ணம் தானாகவே கரைந்துவிடும்.

எதைத் தேடுகிறோம் என்பதை எழுதிவைத்தல்

'எந்த வேலையாக இருந்தாலும் சரி' என்று தேடுகிறவர்தான் முதலில் களைத்துப்போகிறார். ஒரு தாளில் மூன்று வரி போதும்: என்னால் செய்ய முடிந்த பணிகள் எவை, எந்த ஊர்கள் வரை போகத் தயார், எவ்வளவு சம்பளத்துக்குக் கீழே போனால் செலவுக்கே கட்டாது. கடலூர்க்காரருக்கு இந்த இரண்டாம் வரி சற்று யோசிக்க வேண்டியது. சிப்காட்டின் ரசாயன, மருந்து ஆலைகள் ஒரு பக்கம், நெய்வேலியும் அதை ஒட்டிய ஒப்பந்தப் பணிகளும் ஒரு பக்கம், மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, திருபுவனை என்று புதுச்சேரியின் தொழிற்பேட்டைகள் இன்னொரு பக்கம். இவற்றைத் தாண்டினால் சென்னை. தினசரிப் பேருந்தா, அறை எடுத்துத் தங்குவதா என்பதைப் பொறுத்துச் சம்பளக் கணக்கு மாறும்.

அரசுத் தேர்வுக்கும் படித்துக்கொண்டு தனியார் வேலையும் தேடுகிறவர்கள் நம் பக்கத்தில் மிக அதிகம். இரண்டையும் ஒரே நாளில் அரைகுறையாகச் செய்தால், தேர்வில் தோற்றபோது வேலை தேடியதால் படிக்கவில்லை என்றும், வேலை கிடைக்காதபோது படித்ததால் தேடவில்லை என்றும் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் நிலை வரும். டி.என்.பி.எஸ்.சி. தன் ஆண்டுத் திட்ட அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுகிறது. அதைப் பார்த்து, தேர்வுக்கு முந்தைய மூன்று மாதங்களைப் படிப்புக்கும் மற்ற மாதங்களைத் தேடலுக்கும் ஒதுக்குவது ஒரு வழி. குரூப் 4 எழுதுகிறவர்கள் தமிழ்ப் பகுதியைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் மீதித் தாள் திருத்தப்படாது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தின் வகுப்புகளுக்குக் கட்டணம் இல்லை. எத்தனை முறை எழுதிப் பார்ப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். முயற்சிக்கு முடிவுத் தேதி வைப்பதைத் தோல்வி மனப்பான்மை என்று சிலர் சொல்வார்கள். முடிவுத் தேதி இல்லாமல் முப்பத்திரண்டு வயதுவரை போனவர்களைப் பார்த்தபிறகு எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை.

நாற்பது பக்க நோட்டு

கணினியில் அட்டவணை போடத் தெரிந்தும் நான் ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டையே வைத்திருந்தேன். தேதி, நிறுவனம், பணி, எந்த வழியாக அனுப்பினேன், அடுத்து எப்போது விசாரிக்க வேண்டும் என்று ஐந்து பத்திகள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு வரி. பதில் வந்தால் பச்சை மையில் ஒரு புள்ளி, நிராகரித்தால் வரியின் குறுக்கே ஒரு கோடு.

முதல் மாதத்தில் எத்தனை அழைப்பு வந்தது என்று எண்ணினேன். அது என் கையில் இல்லாத கணக்கு என்பதால், வாரக் கடைசியில் சோர்வு மட்டுமே மிஞ்சியது. இரண்டாம் மாதத்திலிருந்து என் கையில் இருப்பதை மட்டும் எண்ணத் தொடங்கினேன்: வாரத்துக்கு எட்டு விண்ணப்பம், ஒவ்வொன்றிலும் அந்தப் பணிக்கேற்ப முதல் நான்கு வரிகள் மாற்றி எழுதப்பட்டிருக்க வேண்டும், ஐந்து பேரிடம் நேரிலோ தொலைபேசியிலோ பேச்சு, ஒரு சிறு பாடம். வெள்ளிக்கிழமை இந்த எண்கள் நிறைந்திருந்தால், ஒரு அழைப்புகூட வராவிட்டாலும், அந்த வாரத்தின் வேலையை நான் முடித்துவிட்டேன் என்று நோட்டை மூடிவிடுவேன். உழவன் விதைத்ததற்கு மறுநாளே வயலைத் தோண்டிப் பார்ப்பதில்லை.

நோட்டால் இன்னொரு பயனும் உண்டு. மூன்று மாதம் கழித்துப் புரட்டியபோது, இணையதளங்கள் வழியாக அனுப்பிய 61 விண்ணப்பங்களில் 2 பச்சைப் புள்ளிகளும், தெரிந்தவர் மூலமாகக் கொடுத்த 9 விண்ணப்பங்களில் 4 பச்சைப் புள்ளிகளும் இருந்தன. எங்கே நேரத்தைக் கொட்டுகிறேன், எங்கிருந்து பதில் வருகிறது என்பதை அதுவரை நான் கவனித்திருக்கவே இல்லை. உங்கள் நோட்டு வேறு கணக்கைக் காட்டலாம். காட்டுவதை நம்பி வழியை மாற்றுங்கள். விண்ணப்பத்துக்கே அழைப்பு வரவில்லையென்றால் தற்குறிப்பில் கோளாறு; நேர்காணல்வரை போய் நின்றுவிட்டால் பேசும் முறையில் பயிற்சி தேவை. இரண்டுக்கும் மருந்து வேறு.

பதில் வராதபோது நடப்பது என்ன

மனதை அதிகம் நோகடிப்பது நிராகரிப்பு அல்ல, மௌனம். மேசையின் மறுபக்கம் வந்தபிறகு அந்த மௌனத்தின் காரணங்களைப் பார்த்தேன். விளம்பரம் வந்த மறுவாரம் ஆள் எடுப்பதையே மேலிடம் நிறுத்திவைத்திருக்கும். உள்ளேயே ஒருவர் மாற்றலாகி வந்து அந்த இடத்தில் அமர்ந்திருப்பார். முதல் நாற்பது தற்குறிப்புகளிலேயே ஐந்து பேர் தேறிவிட்டதால் நாற்பத்தொன்றாவதை யாரும் திறந்திருக்கமாட்டார்கள். ஒருமுறை, அழைக்க வேண்டியவர்களின் பட்டியல் ஒரு மேலாளரின் மேசையில் மூன்று வாரம் கிடந்து, அவர் விடுப்பிலிருந்து திரும்பியபோது அந்தப் பணியே ரத்தாகியிருந்தது. அந்தப் பட்டியலில் இருந்த பதினொரு பேரும் தங்களிடம் என்ன குறை என்று வீட்டில் யோசித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

எனவே, அனுப்பிய பத்தாம் நாள் ஒரு முறை மரியாதையாக விசாரியுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். நேர்காணலுக்குப் போய்வந்த நாளில் மட்டும், பேருந்திலேயே, கேட்கப்பட்ட கேள்விகளையும் தடுமாறிய இடங்களையும் எழுதிவிடுங்கள். முதலியார்பேட்டை தாண்டுவதற்குள் பாதி மறந்துபோகும்.

மனிதர்களிடம் சொல்லிவைத்தல்

1970களில் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனவெட்டர், தெரிந்தவர் மூலமாக வேலை பெற்றவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டார். ஐந்தில் நான்கு பேருக்கு மேல், எப்போதாவதோ அரிதாகவோதான் என்றார்கள். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். கல்லூரியில் இரண்டு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்தவருக்கும், அத்தையின் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரிந்திருப்பது வேறு உலகம்.

ஆனால் வேலை இல்லாத காலத்தில் நாம் முதலில் தவிர்ப்பது இந்த மனிதர்களைத்தான். கல்யாணத்துக்குப் போனால் "தம்பி இப்ப எங்க இருக்கீங்க?" என்று கேட்பார்களே என்று போகாமல் இருந்துவிடுகிறோம். அந்தக் கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு போவது நல்லது: "தரக்கட்டுப்பாட்டுல நாலு வருஷம் இருந்தேன்ணே, இப்ப புதுச்சேரிப் பக்கம் அதே மாதிரி பார்த்துக்கிட்டு இருக்கேன், உங்க கம்பெனியில யாரைக் கேட்டா தெரியும்?" வேலை வாங்கித் தரச் சொன்னால் மனிதர்கள் நழுவுவார்கள். யாரைக் கேட்கலாம் என்றால் உடனே ஒரு பெயர் சொல்வார்கள், பெரும்பாலும் கைபேசியை எடுத்து எண்ணையும் தருவார்கள். கேட்ட மூன்று நாளுக்குள் அந்த எண்ணுக்குப் பேசி, பேசியதைத் தந்தவருக்கும் தெரிவித்துவிடுங்கள்.

பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்

தேடல் நீண்டவர்களைக் குறிவைத்தே மோசடி நடக்கிறது. பதிவுக் கட்டணம், பயிற்சி வைப்புத்தொகை, மடிக்கணினிக்கு முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் பேசி நேர்காணல் இல்லாமல் நியமனக் கடிதம் அனுப்புகிற நிறுவனம் நிறுவனமே அல்ல. பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணிக்கும் மீட்கும் வாய்ப்பு குறைகிறது.

மனம் விழுகிற நாட்கள்

எத்தனை ஒழுங்கு வைத்திருந்தாலும் சில நாட்கள் எழுந்திருக்கவே பிடிக்காது. எனக்கு ஏழாம் மாதத்தில், இறுதிச் சுற்றுவரை போன ஓர் இடம் கைநழுவியபோது, நான்கு நாட்கள் அப்படிப் போயின. அத்தகைய நாளுக்கென்று மிகச் சிறிய பதிப்பு ஒன்றை முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: குளிப்பது, இருபது நிமிடம் வெளியே நடப்பது, ஒரே ஒரு விண்ணப்பம். அதை முடித்தால் அன்றைய கணக்கு தீர்ந்தது. மீதி நேரம் கிரிக்கெட் பார்த்தாலும் குற்றவுணர்ச்சி வேண்டாம். மற்றவர்களின் புதுவேலைச் செய்திகள் குவியும் லிங்க்டுஇன்னை அந்த நாட்களில் திறக்காமல் இருப்பதே மேல்.

தூக்கமின்மையோ, எதிலும் பிடிப்பில்லாத நிலையோ இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், அது ஊக்கத்தைப் பற்றிய பிரச்சினையாக இனி இல்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டியது. டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416இல் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே பேசுங்கள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள்.

இடையில் கிடைக்கும் சிறு வேலைகள்

டியூஷன், கடைக்குக் கணக்கு எழுதுவது, உறவினர் தொழிலில் பாதிநாள் என்று எதுவாக இருந்தாலும், காலை 9 முதல் 1 வரையிலான நேரத்தைத் தின்னாதவரை ஏற்றுக்கொள்ளலாம். வருமானம் சிறிதானாலும் சம்பாதித்த பணத்தில் டீ குடிப்பதன் தெம்பே தனி. தற்குறிப்பில் இடைவெளி குறித்துக் கேட்கும்போதும் இது கைகொடுக்கும். இடைவெளியைப் பார்த்து நாங்கள் ஒருவரை ஒதுக்குவது அரிது. அதைப் பற்றிக் கேட்டதும் தேதிகளை மாற்றிச் சொல்லத் தொடங்குகிறவரைத்தான் ஒதுக்குகிறோம்.

வேலை கிடைத்துவிட்டது என்று தோன்றும்போது

தொலைபேசியில் "நீங்க செலக்ட் ஆயிட்டீங்க" என்று கேட்டவுடன் நோட்டை மூடிவிடாதீர்கள். சம்பளமும் சேரும் தேதியும் எழுதிய நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை அந்த வார எட்டு விண்ணப்பங்களும் போகட்டும். வாய்மொழி உறுதி மூன்று வாரத்தில் மௌனமாக மாறியதை என் நோட்டின் 27ஆம் பக்கத்தில் பச்சைப் புள்ளியின் மேல் விழுந்த கோடாக இன்றும் பார்க்கலாம். கடிதம் வந்தபின், நேர்காணல் நிலுவையில் உள்ள மற்ற நிறுவனங்களுக்கு இரண்டு வரி எழுதி விலகிக்கொள்ளுங்கள். பிறகு நோட்டைத் திரும்பப் புரட்டி, யார் யார் ஓர் எண்ணையோ பெயரையோ கொடுத்தார்களோ அவர்கள் ஒவ்வொருவருக்கும், அவர்கள் காட்டிய வழியில் வேலை அமையாவிட்டாலும், தொலைபேசி செய்து சொல்லுங்கள். எனக்கு அந்தப் பட்டியலில் பதினான்கு பேர் இருந்தார்கள். பேசி முடிக்க இரண்டு மாலைகள் ஆயின.